தங்கை தந்த பாடம்

பிறர் கண்ணீரைக் கண்டு கலங்குவோர் பலர். அக்கண்ணீரைத் துடைப்பதற்கே தம் வாழ்நாளை ஒப்படைப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் நாராயணசாமி, சந்திரம்மாள் தம்பதியருக்கு மகளாய்ப் பிறந்தார். பருவமெய்திய பெண் வீட்டைவிட்டு வெளியே வரலாகாது என்றிருந்த காலம் அது. தந்தையே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில், பலர் எதிர்த்தும், அரசரின் ஆதரவால் இடம் பெற்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரானார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்பதே அவர் மணமகனிடம் கேட்ட சீர்!

1927-இல் சென்னைச் சட்டசபையில் முதல் பெண் உறுப்பினராய் அமர்ந்து, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கவும், சிறுமியர் திருமணத்தைத் தடுக்கவும் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார். இவற்றைப் பாடநூல்களில் நாம் படித்திருக்கிறோம். ஆனால் அவர் நெஞ்சில் நெடுநாள் ஆறாதிருந்த ஒரு புண்ணை நம்மில் பலர் அறியோம்.

அவருடைய அன்புத் தங்கை இளம் வயதில் நோயுற்றார். அது வெறும் சீதபேதி என்றே முதலில் கருதப்பட்டது. உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். அது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தமக்கை மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. அருகிலிருந்து அத்துன்பத்தைக் கண்ட அம்மையார், இந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை எழுப்ப உறுதி பூண்டார்.

புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு மருத்துவமனை எதற்கு என்று பெரியவர்களே கேட்ட காலம் அது. அம்மையார் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு வீடு வீடாக நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள், 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அப்போது அம்மையாருக்கு வயது 67! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். 1960-இல் குழந்தைகளுக்கென்றே அங்குத் தனிப் பிரிவு ஏற்பட்டது. நம் நாட்டில் அத்தகைய பிரிவு அதுவே முதலாவது. 1968 ஜூலை 22-ஆம் நாள் அம்மையார் மறைந்தார்.

குழந்தைகளுக்கு ஏன் தனிப் பிரிவு? சின்னஞ்சிறு பிள்ளைக்குத் தன் வேதனையைச் சொல்லத் தெரியாது. ஊசிக்குப் பயந்து வலியை மறைக்கும் பிள்ளையும் உண்டு. எனவே அதன் முகத்தையும் அழுகையையும் பார்த்தே வலியை அளக்கிறார்கள். வலி மிகுந்த பின் மருந்து தருவதில்லை. கடிகாரத்தைப் பார்த்து வேளை தவறாமல் தருகிறார்கள். கடும் வலிக்கு மார்பின் மருந்தையும் மருத்துவர் அளவறிந்து கொடுக்கிறார். குமட்டலைத் தடுக்கும் மருந்தை, சிகிச்சை மருந்து ஏற்றுவதற்கு முன்பே தருகிறார்கள். வாய்ப்புண் வந்தால் உப்பு நீரில் கொப்பளிப்பதும், காரமில்லாத ஆறிய ராகிக் கூழைச் சிறிது சிறிதாக ஊட்டுவதும் இதம் தரும். முடி உதிர்ந்தால் கலங்க வேண்டாம். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். ஆனால் சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் கண்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நோய் நீங்குமோ நீங்காதோ, வேதனையைத் தணிப்பது முதல் நாளிலிருந்தே மருத்துவத்தின் கடமை.

சென்னைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நம் தருமபுரி மாவட்டத்திற்கு இதில் என்ன பாடம்? பெண் பிள்ளை என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வதுண்டு. நாமும் வெட்கத்தால் வாய் திறவாமல் இருந்துவிடுகிறோம். விடாத காய்ச்சல், காரணமின்றித் தோன்றும் கட்டி, தோலில் கன்றிய தடங்கள், ஓயாத எலும்பு வலி, காலையில் தலைவலியோடு வரும் வாந்தி, கண்மணியில் வெண்ணிற ஒளி ஆகியவற்றைக் கண்டால் அம்மாவிடமோ ஆசிரியையிடமோ உடனே சொல்வோம். இவை பெரும்பாலும் வேறு சிறு நோய்களாகவே இருக்கும். எனினும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பல, காலத்தோடு கண்டறிந்தால் குணமாகக் கூடியவை.

சிகிச்சை முடிந்து தலைமுடியின்றி ஒரு தோழி வகுப்புக்குத் திரும்பினால், அவளைக் கண்டு ஒதுங்காமல் நம் பெஞ்சில் இடம் கொடுப்போம். அது தொற்று நோயன்று. சளி, காய்ச்சல் உள்ள நாளில் மட்டும் அவள் நலம் கருதி நாம் தள்ளி இருப்போம்.

தங்கை ஒருத்தியை இழந்த அம்மையார் எத்தனையோ தங்கையரைக் காத்தார். அவர்களுள் ஒருத்தி நாளை நம் அருகில் வந்து அமரலாம். அவள் வலியை நாம் கேட்போமாக!