பஸ்லூர் ரஹ்மான் கான்

சிகாகோ நகரத்து ஸியர்ஸ் கோபுரத்தைப் படத்திற் கண்டு வியக்கும் நம்மில் அநேகர், அதற்கு வலிமை வகுத்த இஞ்சினீயர் ஒரு வங்காளி என்பதை அறியோம். பஸ்லூர் ரஹ்மான் கான் 1929-ஆம் வருஷம் டாக்காவிற் பிறந்தவர். கணித ஆசிரியரின் புதல்வர். 1952-இல் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்கா சென்று, இல்லினாய் சர்வகலாசாலையில் மூன்றே வருஷங்களில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

உயர்ந்த கட்டடத்திற்குப் பெரும்பகை காற்றே. உள்ளே தூண்களை நெருக்கி அதனை எதிர்க்கப் புகுந்தால், மாடி ஏற ஏற இரும்பின் செலவு கட்டுக்கடங்காது. மூங்கிலை நோக்குவோம்: உள்ளே வெறுமை, பலமெல்லாம் புறத்தே. கானும் புறச்சுவரையே குழாய்போல் அமைத்துக் காற்றைத் தாங்கச் செய்தார்.

ஜான் ஹான்காக் என்னும் 100 மாடிக் கட்டடத்தை வகுக்கையில் ஓர் ஐயம் எழுந்தது. கட்டடம் விழாது, ஆயினும் அதன் ஆட்டத்தைக் குடியிருப்போர் பொறுப்பரோ? கான் பொருட்காட்சிசாலையிற் சுழலும் மேடை ஒன்றைக் கண்டு, அதன்மேல் மனிதரை நிறுத்தியும் கிடத்தியும் சோதித்தார். கணக்கில் வல்லவர் மனிதரையும் கேட்டறிந்தது நமக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது.

ஸியர்ஸ் கோபுரத்தில் சிற்பி புரூஸ் கிரகாமுடன் கூடி, 75 அடிச் சதுரக் குழாய்கள் ஒன்பதை ஒருகட்டாகப் பிணைத்தார். அவற்றுள் இரண்டு 50-ஆம் மாடியிலும், இரண்டு 66-இலும், மூன்று 90-இலும் நின்றுவிட, எஞ்சிய இரண்டே 110 மாடிகளும் ஏறி 1,450 அடி எட்டின. 1974-இல் முற்றுப்பெற்ற அக்கோபுரம் ஏறக்குறைய கால் நூற்றாண்டு உலகில் முதன்மை வகித்தது. 2009 முதல் வில்லிஸ் கோபுரம் எனப்படுகிறது.

1971-இல் தாய்நாடு போரில் வருந்தியபோது, சிகாகோவிலிருந்தே நிதி திரட்டினார். 1982-இல் ஜெட்டாவில் தமது 52-ஆம் வயதிற் காலமானார். அவருடல் சிகாகோவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.