இல்லந்தோறும் அன்னை

திருவனந்தபுரத்திற்கு வடக்கே கிளிமானூர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் அரண்மனையில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் இரவிவர்மா பிறந்தார். அவருடைய தாயார் உமா அம்பாபாய் கவி புனையும் ஆற்றல் வாய்ந்தவர். பார்வதியின் திருமணத்தைப் பாடியவர். உலகன்னையின் கதையைத் தம் அன்னையே பாட்டாக யாத்த இல்லத்தில் அச்சிறுவர் வளர்ந்தார்.

இளமையிலேயே அவருக்கு வாய்த்த ஓவியத் திறத்தைக் கண்டு மகிழ்ந்த தாய்மாமன் இராஜராஜவர்மா, தாமே முதல் ஆசிரியரானார். பதினான்காம் வயதில் திருவனந்தபுரத்து அரண்மனைக்கும் அழைத்துச் சென்றார். அந்நாளில் எண்ணெய் வண்ணம் தீட்டும் முறை இந்நாட்டிற்குப் புதிது. அதனை அறிந்த சிலரும் கற்பிக்க முன்வரவில்லை. 1868-இல் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அங்கு வந்தார். அவர் தீட்டுவதை அருகிருந்து காணும் இசைவே இளைஞருக்குக் கிடைத்தது. கண்டதைக் கொண்டே பயின்றார். ஐந்தே ஆண்டுகளில், 1873-இல், சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றார். வியன்னாவிலும் பரிசு கிட்டியது.

எனினும், அவர் தீட்டிய படங்கள் மன்னர் மாளிகைகளிலும் செல்வர் இல்லங்களிலுமே தங்கின. கும்பகோணத்தில் பிறந்து, திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய மாதவராவ், அவற்றை அச்சிட்டுப் பரப்புமாறு 1884-இல் கடிதம் வரைந்தார். பத்தாண்டுகள் கழித்து, தம்பியின் துணையோடு, இரவிவர்மா பம்பாயில் கல்லச்சகம் ஒன்றை நிறுவினார்.

கல்லச்சின் முறை வியப்புக்குரியது. மழமழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் உருவை எழுதுவர். கல்லை நீரால் நனைத்தபின் அச்சுமையைத் தடவினால், ஈரமான இடம் மையை ஏலாது. எழுதிய கோடு மட்டும் ஏற்கும். வண்ணத்திற்கொரு கல் வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் அதே தாளை மயிரிழையும் பிசகாது பதித்தால்தான் முகம் முகமாக அமையும்.

தாமரைமேல் நிற்கும் திருமகளும், மயில் அருகிருக்க வீணை ஏந்திய கலைமகளும் இவ்வாறு பல்லாயிரம் தாள்களில் பிறந்தனர். சேலை உடுத்து, கனிந்த நோக்குடன் நின்ற அத்தேவியரிடம் மக்கள் தம் வீட்டுத் தாயரின் சாயலைக் கண்டனர். தேவியரை மானிட மகளிராக்கிவிட்டார் என்று குறை கூறினாரும் உண்டு. அக்குறையே அப்படங்களின் வலிமை எனலாம். திருவாங்கூரில் ஆலயக் கதவுகள் அனைத்து இந்துக்களுக்கும் திறந்தது 1936-இல்தான். அதற்குப் பல்லாண்டுகள் முன்பே, கோயிலுள் புக இயலாதாரும் சிறுவிலை கொடுத்து அன்னையைத் தம் குடிலுக்கு அழைத்துச் செல்ல வழி பிறந்தது.

ஆனால், அச்சகம் அவருக்குச் செல்வம் தரவில்லை. பம்பாயில் கொள்ளைநோய் பரவியது, கடனும் பெருகியது. லோணாவளாவை அடுத்த மளவ்லிக்கு அச்சகத்தை மாற்றியும் பயனில்லை. இறுதியில், அங்குப் பணிபுரிந்த ஜெர்மானியர் ஒருவருக்கே, படங்களை அச்சிடும் உரிமையோடு அதனை விற்றுவிட்டார். 1905-இல் தம்பியும் மறைந்தார். மறு ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் இரவிவர்மா கிளிமானூரில் காலமானார். மளவ்லியில் அச்சுப்பொறிகள் ஓயவில்லை. திருமகளும் கலைமகளும் அங்கிருந்து ஊர்தோறும் சென்றுகொண்டே இருந்தனர்.