ஐடா வெல்ஸ் கேட்ட கணக்கு

கறுப்பின மக்களைப் பற்றி எழுதியவற்றுக்கு ஊடகங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்ற விவாதம் அமெரிக்காவில் எழும்போதெல்லாம் ஐடா பி. வெல்ஸை நினைத்துக்கொள்கிறேன்.

1862இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸில் அடிமையாகப் பிறந்தவர் அவர். 16 வயதில் பெற்றோரை மஞ்சள் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, ஆசிரியப் பணியால் உடன்பிறந்தோரைக் காத்தார். பின்னர் மெம்பிஸ் நகரில் பத்திரிகை ஆசிரியரானார்.

1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸ் உள்ளிட்ட மூவரை வெள்ளையர் கும்பல் சிறையிலிருந்து இழுத்துச் சென்று கொன்றது. அவர்களது மளிகைக் கடை வெள்ளையர் கடைக்குப் போட்டியாக வளர்ந்ததே பகையின் வேர். கும்பல் கொலைகளுக்குப் பாலியல் வன்முறையே காரணம் என்று நாளிதழ்கள் எழுதிவந்ததை வெல்ஸ் சோதிக்கத் தொடங்கினார். மே மாதம் அவருடைய பத்திரிகை அலுவலகம் சூறையாடப்பட்டது. வெளியூர் சென்றிருந்த அவரால் ஊர் திரும்ப முடியவில்லை.

அவர் கையாண்ட முறைதான் என்னை வியக்கவைக்கிறது. 1895இல் வெளியிட்ட ‘சிவப்புப் பதிவேடு’ நூலுக்கு, வெள்ளையரின் சிகாகோ டிரிப்யூன் திரட்டிய பட்டியலையே சான்றாக்கினார். கொல்லப்பட்டோரில் பெரும்பாலோர்மீது அந்தப் பழிகூடச் சுமத்தப்படவில்லை என்று அதைக்கொண்டே நிறுவினார்.

1931இல் அவர் மறைந்தார். கும்பல் கொலைச் செய்திகளை வெளியிட்ட விதத்துக்காக மான்ட்கமரி அட்வர்டைசர் நாளிதழ் வருத்தம் தெரிவித்தது 2018இல். வெல்ஸுக்குப் புலிட்சர் சிறப்பு விருது வந்தது 2020இல். வருத்தமும் விருதும் பிந்தி வரலாம். பிழையான செய்தி பறித்த உயிர் திரும்பாது. ஆகவே, அச்சேறும் நாளிலேயே கணக்குக் கேட்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.