பொம்மை ரெயில் செய்த கணக்கர்

இங்கிலாந்தில் பழைய பொம்மை ரெயில் ஏலத்துக்கு வந்தால், பெரும்பாலும் அதன் பெட்டியில் ஒரே பெயர்தான் இருக்கும்: ஹார்ன்பி. பெயர் ஒன்றுதான். ஆனால் அவற்றில் சில, அந்தப் பெயருக்கு உரியவர் இருந்தபோது செய்யப்பட்டவை. சில, அவர் இறந்தபிறகு அவருடைய தொழிற்சாலை செய்தவை. இன்னும் பல, அவர் கண்ணால் பார்த்திராத வேறு தொழிற்சாலைகளில் உருவானவை. எது எந்தக் காலத்தது என்று பிரித்து அறிய, பிராங்க் ஹார்ன்பியின் வாழ்க்கையைத் தெரிந்திருக்க வேண்டும்.

கடை மூடப்பட்டது

1863-ம் ஆண்டு மே 15-ந் தேதி லிவர்பூல் நகரில் ஹார்ன்பி பிறந்தார். தந்தை உணவுப் பொருள் வியாபாரி. 16 வயதில் படிப்பை விட்டு, தந்தையின் நிறுவனத்திலேயே காசாளர் ஆனார். என்ஜினீயரிங் படிக்காதவர். ஆனாலும் சிறு வயதிலேயே, ஒருமுறை சுழற்றிவிட்டால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் எந்திரம் செய்ய முயன்றார். அது பலிக்கவில்லை. யாருக்கும் பலிக்காத காரியம் அது!

1887-ல் கிளாரா என்ற பள்ளி ஆசிரியையை மணந்தார். இரண்டு மகன்கள், ஒரு மகள். 1899-ல் தந்தை இறந்தார். வியாபாரம் மூடப்பட்டது. 36 வயதில், மனைவி மக்களோடு இருந்த ஹார்ன்பி, எலியட் என்ற இறைச்சி இறக்குமதி வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார்.

வேலை முடிந்து வந்தபிறகு மகன்களுக்குத் தகரத்தில் பொம்மைகள் செய்து கொடுப்பார். ஒரு பாரந்தூக்கி செய்தபோது ஒரு சங்கடம் தெரிந்தது. ஒவ்வொரு துண்டும் அந்த ஒரு பொம்மைக்குத்தான் பொருந்தியது. எல்லாத் துண்டுகளையும் ஒரே அகலத்தில் வெட்டி, அரை அங்குலத்துக்கு ஒரு துளை போட்டால் என்ன? நட்டு, போல்ட்டால் முடுக்கினால் இன்று பாரந்தூக்கி. கழற்றி மாற்றினால் நாளை பாலம். நம் ஊர்க் கடைகளில் துளையிட்ட பட்டைகள் கொண்ட விளையாட்டுப் பெட்டிகளைப் பார்த்தவர்கள் உண்டு. அவற்றுக்கு மூலம் இந்த யோசனைதான்.

5 பவுன் கடன்

காப்புரிமைக்கு மனுச் செய்யக் கையில் பணம் இல்லை. முதலாளி எலியட் 5 பவுன் கடன் கொடுத்தார். 1901 ஜனவரியில் மனு போனது. பிறகு எலியட் கூட்டாளியாகவும் சேர்ந்தார். 1902-ல் விளையாட்டுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. விலை ஏழரை ஷில்லிங். சில ஆண்டுகள் லாபம் இல்லை. 1907-ல் "மெக்கானோ" என்ற பெயர் பதிவு செய்யப்பட்டது. மறு ஆண்டு கம்பெனி உருவானபோது எலியட் அதில் சேராமல் விலகிக்கொண்டார். 1914-ல் லிவர்பூல் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது.

அதுவரை பொம்மை ரெயிலில் ஜெர்மனிக்காரர்கள்தான் ராஜா. முதல் உலகப்போர் முடிந்தபோது இங்கிலாந்தில் ஜெர்மன் சரக்கை விரும்புவார் இல்லை. அந்த இடத்தை ஹார்ன்பி பிடித்துக்கொண்டார். 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் தகர ரெயில் வந்தது. தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர். இதிலும் அவர் தம் பழைய கொள்கையை விடவில்லை. என்ஜினை நட்டு போல்ட்டால் பூட்டினார். பழுதானால் கழற்றலாம், உறுப்பை மாற்றலாம்.

அடையாளம் எங்கே?

இந்த முதல் என்ஜின்களின் ஓட்டுநர் அறைப் பக்கத்தில் 2710 என்ற பித்தளை எண் தகடு இருக்கும். அக்காலச் சரக்குப் பெட்டிகளில் கம்பெனிப் பெயரின் எழுத்துகள் அச்சிடப்படவில்லை. தனித்தனி உலோக எழுத்துகளாகச் செருகப்பட்டிருந்தன. மிட்லண்ட், கிரேட் நார்தர்ன் போன்ற பழைய ரெயில்வே கம்பெனிகளின் பெயர்களே அவற்றில் இருந்தன. 1923-ல் இங்கிலாந்து ரெயில்வேக்கள் நான்கு பெரிய கம்பெனிகளாக இணைக்கப்பட்டன. எனவே எல்.எம்.எஸ்., எல்.என்.இ.ஆர். என்ற எழுத்துகளைக் கண்டால் அந்த வண்டி 1923-க்கு முந்தியது அல்ல.

ஆனால் கழற்றி மாற்றும் வசதியே இன்று ஆராய்பவர்களுக்குத் தொல்லை. ஒரு கம்பெனியின் என்ஜினுக்குப் பின்னால் மற்றொன்றின் கரி வண்டி கோத்திருக்கலாம். 1920-ம் ஆண்டு உடலுக்குள் பிற்கால ஸ்பிரிங் எந்திரம் இருக்கலாம். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டுவது ஆபத்து. எழுத்து, வண்ணம், இணைப்புக் கொக்கி, சக்கரம் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும்.

1925-ல் மின்சார ரெயிலும் வந்தது. 1934-ல் "டிங்கி" சிறு கார்கள் பெயர் பெற்றன. ஹார்ன்பி கோடீசுவரர் ஆனார். 1931 முதல் 1935 வரை எவர்ட்டன் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1936 செப்டம்பர் 21-ந் தேதி, 73-வது வயதில் காலமானார்.

பெயர் மட்டும் ஓடியது

மூத்த மகன் ரோலண்டு தலைமை ஏற்றார். இன்று பலரும் தேடும் "ஹார்ன்பி டப்ளோ" 1938-ல்தான் வந்தது. 16.5 மில்லிமீட்டர் இடைவெளி; பழையதில் ஏறக்குறைய பாதி. பெரியவர் அதைப் பார்க்கவே இல்லை. டப்ளோவில் சாவி என்ஜின் இருந்தால் அது இரண்டாம் உலகப்போர்க்கால நிறுத்தத்துக்கு முந்தியது; பிறகு வந்தவை மின்சார வண்டிகளே. பிரிட்டிஷ் ரெயில்வே வண்ணம் என்றால் 1953-க்குப் பிந்தியது. நடுவில் மூன்றாம் தண்டவாளம் இல்லாமல் இரண்டிலேயே ஓடும் வகை 1959-ல் வந்தது.

போருக்கு முந்திய வண்டிகளில் இன்னொரு அடையாளமும் உண்டு. வருத்தம் தரும் அடையாளம். அச்சில் வார்த்த துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்ததால், சக்கரங்கள் காலப்போக்கில் உப்பி, வெடித்து, விரலால் தொட்டாலே உதிர்கின்றன. அத்தகைய பழைய என்ஜினில் சக்கரம் மட்டும் புதிதாகப் பளபளத்தால் அது மாற்றப்பட்டது என்று கொள்ளலாம்.

1964-ல் மெக்கானோ கம்பெனி போட்டியாளரான லைன்ஸ் சகோதரர்கள் கைக்குப் போனது. டப்ளோ உற்பத்தி நின்றது. அந்தப் போட்டி நிறுவனத்தின் ரெயில்களிலேயே பிறகு ஹார்ன்பி பெயர் ஏறியது. 1972 முதல் "ஹார்ன்பி ரெயில்வேஸ்" என்று வந்த பெட்டிகள் கென்ட் மாவட்டத்து மார்கேட் தொழிற்சாலைச் சரக்கு. லிவர்பூல் பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது.