தகப்பனைப் போரில் இழந்தவரின் எஞ்சின்

வாவிக்கரையில் என்னிடம் கணினி படிக்க வரும் பொடியன்கள் கார்ப்பந்தய விளையாட்டில் தேடியெடுப்பது மஸ்டா 787பி. மேலும் கீழும் அடிக்கும் பிஸ்ரன் அதில் இல்லை. நான்கு முக்கோணச் சுழலிகள்.

அந்த எஞ்சினின் மூலவர், ஜேர்மனியரான பீலிக்ஸ் வான்கெல், 1902இல் பிறந்தார். 1914இல் தகப்பன் போரில் மாண்டார். பல்கலைக்கழகம் போகக் காசில்லை. கிட்டப்பார்வைக்காரர், சாரதி அனுமதிப்பத்திரமும் இல்லை.

இளமையில் ஹிட்லரின் கட்சியில் சேர்ந்தார். தகப்பனில்லாத பிள்ளையின் துயரம் எனக்குத் தெரியும். அதற்காக இதை மன்னிக்க என்னால் முடியாது.

1957இல் என்.எஸ்.யூ. நிறுவனத்தில் அவருடைய எஞ்சின் முதன்முதலாக ஓடியது. சிறியது, பாரம் குறைந்தது, அதிர்வும் குறைவு. ஆனால் பெற்றோலைக் குடிக்கும். சுழலியின் முனை அடைப்புகள் தேயும். விளையாட்டில் பெற்றோல் செலவு பொடியன்களுக்கு உறைப்பதில்லை.

வான்கெல் 1988இல் இறந்தார். 787பி லு மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது 1991இல்.