ஆய்வுக்கு ஓர் இடம்

அறிவுக்கூர்மை மட்டும் இருந்தால் அறிவியல் வளர்ந்துவிடுமா? முனைவர் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் மேலும் சில ஆண்டுகள் கவலையின்றிச் சிந்திப்பதற்கு ஒரு பணியிடம் வேண்டும். உடனிருந்து உரையாட அறிஞர் குழுவும் வேண்டும். அவ்வாய்ப்பினை அயல்நாட்டில் பெற்றவர். பின்னர் அதனைத் தாய்நாட்டு இளைஞர்களுக்கும் உருவாக்கித் தந்தவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. அவர் ஊன்றிய விதைகளுள் ஒன்று நம் நீலகிரியில் வேர்கொண்டது.

பொறியியலிலிருந்து இயற்பியலுக்கு

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் மும்பையில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். 1927இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மகன் எந்திரப் பொறியியல் பயின்று ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் பணியாற்ற வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். மகனின் உள்ளமோ இயற்பியலை நாடியது. தம் வேட்கையைத் தந்தைக்குக் கடிதம் வழியே ஒளிவுமறைவின்றித் தெரிவித்தார். பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் கணிதமும் பயிலலாம் எனத் தந்தை இசைந்தார். 1930இல் பொறியியலிலும் 1932இல் கணிதத்திலும் முதல் வகுப்பில் தேறிய பாபா, 1935இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வு உதவித்தொகைகள் அவருக்கு ஐரோப்பாவின் கதவுகளைத் திறந்துவிட்டன. பாலி, பெர்மி, போர் முதலிய பேரறிஞர்களின் அருகிலிருந்து கற்றார். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறும் முறையைக் கணித்தார். இன்றும் அது அவர் பெயரால் பாபா சிதறல் என வழங்குகிறது.

ஒன்று பலவாகும் விந்தை

விண்வெளியிலிருந்து ஒவ்வொரு நொடியும் அண்டக்கதிர்கள் புவியின் மீது பொழிகின்றன. அவை காற்றுமண்டலத்தில் துகள்களின் மழையையே தோற்றுவிக்கின்றன. ஒரு துகள் எவ்வாறு பெருமழையாகிறது? 1937இல் ஹைட்லருடன் இணைந்து பாபா இதற்கு விளக்கம் அளித்தார். வேகமிக்க எலக்ட்ரான் ஒன்று அணுக்கருவின் அருகே செல்லும்போது காமா ஒளித்துகளை உமிழ்கிறது. அவ்வொளித்துகள் எலக்ட்ரான், பாசிட்ரான் என்னும் இணையாக மாறுகிறது. அவை மீண்டும் ஒளித்துகள்களை உமிழ்கின்றன. இவ்வாறு ஒன்று பலவாகிப் பெருகுகிறது. தாளில் கணக்கிட்ட இம்முடிவுகளைச் சோதித்தறிய உயர்ந்த மலைகளும் வானில் மிதக்கும் பலூன்களும் தேவைப்பட்டன.

போர் காட்டிய பாதை

1939இல் விடுமுறைக்காகத் தாயகம் வந்திருந்தபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. பாபாவால் இங்கிலாந்துக்குத் திரும்ப இயலவில்லை. பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் இயற்பியல் துறையின் தலைவராகச் சர் சி.வி. இராமன் விளங்கினார். அங்கே கோட்பாட்டு இயற்பியல் இணைப்பேராசிரியர் பணியைப் பாபா ஏற்றார். டாடா அறக்கட்டளையின் நிதியுதவியுடன் அண்டக்கதிர் ஆய்வுப் பிரிவு ஒன்றும் அமைந்தது. போர் முடியும்வரைக்குமான ஏற்பாடாகவே அப்பணி தொடங்கியது.

ஆயினும் அவ்வாண்டுகள் அவருடைய நோக்கையே மாற்றின. கேம்பிரிட்ஜின் புகழ் ஒருபுறம் அழைத்தது. தகுதியிருந்தும் இடமின்றி அயல்நாடுகளையே நோக்கியிருந்த இந்திய இளைஞர்களின் நிலை மறுபுறம் சிந்திக்க வைத்தது. தாம் திரும்பிச் சென்றால் ஒருவருடைய ஆய்வு மட்டுமே வளரும். இங்கே ஓர் ஆய்வுப்பள்ளி தோன்றினால் ஒரு தலைமுறையே வளரும். 1944 மார்ச்சில் டாடா அறக்கட்டளைக்கு அத்தகைய பள்ளியை நிறுவுமாறு எழுதினார். அணு ஆற்றலைப் பயன்படுத்தும் காலம் வரும்போது, வல்லுநர்களைத் தேடி அயல்நாடு செல்லும் நிலை இந்தியாவுக்கு நேரக்கூடாது என்பது அவருடைய வாதம். அவ்வாறே 1945இல் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் பெங்களூருவில் தோன்றி, அவ்வாண்டிலேயே மும்பைக்கு இடம்பெயர்ந்தது.

1947இல் பாபாவிடம் ஆய்வைத் தொடங்கிய அல்லாடி ராமகிருஷ்ணன், பின்னாளில் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தை 1962இல் உருவாக்கினார். ஒருவருக்குக் கிடைத்த வாய்ப்பு மற்றொரு நிறுவனமாகவே மலர்ந்தது.

நீலகிரியின் பங்கு

1950களின் நடுப்பகுதியில் அண்டக்கதிர் ஆய்வுக்கூடம் உதகமண்டலத்தில் அமைந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. சமவெளியை அடையுமுன் மறைந்துவிடும் துகள்களையும் அங்கே கண்டறியலாம். புவிக்காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது மற்றொரு சிறப்பு. ஆற்றல் குன்றிய மின்துகள்களைப் புவியின் காந்தப்புலமே தடுத்து வடிகட்டிவிடுகிறது. பி.வி. ஸ்ரீகண்டன் முதலிய இளம் ஆய்வாளர்கள் குளிரிலும் மழையிலும் கருவிகளை இயக்கினர். துகள் சென்ற வழியை நீர்த்துளிகளின் கோடாகக் காட்டும் பெரிய முகில் கலம் ஒன்றை அங்கே நிறுவினர்.

1961இல், அயல்நாடுகளில் பணியாற்றிய இந்திய வானொலி வானியலாளர் நால்வர் தாயகம் திரும்ப விழைந்து எழுதினர். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே பாபா அவர்களைத் தந்தி வழியே அழைத்தார். அவர்களுள் ஒருவராகிய கோவிந்த் ஸ்வரூப் 1963இல் வந்து சேர்ந்தார். உதகைக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய வானொலித் தொலைநோக்கியை அவருடைய குழு எழுப்பியது. அம்மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகை அளவாகிய ஏறத்தாழ 11 பாகையே ஆகும். ஆதலால் தொலைநோக்கியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. 1970இல் அது செயற்படத் தொடங்கியபோது அதனைக் காண அவர் இல்லை. 1966 ஜனவரி 24 அன்று வியன்னாவுக்குச் செல்லும் வழியில், மோன் பிளாங்க் மலையில் நேர்ந்த விமான விபத்தில் பாபா உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 56.

தொடரும் பொழிவு

இன்றும் உதகையில் இந்திய, ஜப்பானிய அறிவியலாளர்கள் கிரேப்ஸ்-3 என்னும் ஆய்வுத்திட்டத்தின் வழியே அண்டக்கதிர்களைக் கண்காணிக்கின்றனர். 2014 டிசம்பர் 1 அன்று மலைமீது இடிமேகம் கவிந்தபோது, அங்கு வந்தடைந்த மியூவான் துகள்களின் எண்ணிக்கை குறைந்தது. அக்குறைவைக் கொண்டே அம்மேகத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் எனக் கணித்தனர். விண்துகளை ஆராயச் சென்றவர்களுக்கு மழைமேகமும் தன் மறைபொருளைக் காட்டியது.

எந்த ஆய்வு எந்நாளில் பயன்தரும் என்பதை முன்கூட்டியே அளந்துவிட முடியாது. தக்க மனிதரைக் கண்டறிந்து, அவர் சிந்திக்க ஓர் இடம் தருவதே நாம் செய்யத்தக்கது. பாபாவின் வாழ்வு அதனை மெய்ப்பித்தது.