கைத்திறனை மதித்த பேராசிரியர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

இயற்பியல் மாணவர்களாகிய நமக்கு எர்ன்ஸ்ட் அபே என்ற பெயர் புதியதன்று. ஒளிவிலகல் எண் காண உதவும் அபே ரிஃப்ராக்டோமீட்டர், கண்ணாடியின் நிறப்பிரிகையைக் குறிக்கும் அபே எண், நுண்ணோக்கி எவ்வளவு நுண்ணிய பொருளைப் பிரித்துக் காட்டும் என்பதற்கு அவர் வகுத்த எல்லை ஆகியவற்றைப் படித்திருக்கிறோம். ஆனால் அவர் பெரிய தொழிற்சாலை ஒன்றை நடத்தியவர் என்பதும், தேர்ந்த தொழிலாளர்களைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே செயலில் விடை கண்டவர் என்பதும் நம் பாடநூல்களில் இல்லை. அந்தப் பக்கத்தையே இங்கு எழுத விரும்புகிறேன்.

அபே 1840-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் ஜெர்மனியில் ஐசனாக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை நூற்பாலைத் தொழிலாளி. நாளொன்றுக்குப் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டும். பகல் உணவைத் தூக்குவாளியில் எடுத்துச் செல்வது சிறுவன் அபேயின் வேலை. தந்தை இயந்திரத்தின்மேல் சாய்ந்தபடியே உண்பார்; காலி வாளியை மகன் கையில் கொடுத்துவிட்டு உடனே வேலைக்குத் திரும்பிவிடுவார். உயரமும் உடற்கட்டும் வாய்ந்த அந்த மனிதர் நாற்பத்தெட்டாம் வயதிலேயே தோற்றத்தில் கிழவராகிவிட்டார். இதை அபே, பேரறிஞராகப் புகழ்பெற்ற பின்பும் மறைக்காமல் ஒரு சொற்பொழிவில் விரிவாகச் சொன்னார். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்பதாலோ என்னவோ, இந்தப் பகுதியை நான் இருமுறை படித்தேன்.

ஆலை முதலாளியின் உதவியால் அபேயின் படிப்பு நிற்காமல் தொடர்ந்தது. இயேனாவிலும் கோட்டிங்கனிலும் பயின்று 1861-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1863 முதல் இயேனா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். அதே ஊரில்தான் கார்ல் சைஸ் என்பவர் 1846 முதல் ஒரு பட்டறை வைத்து நுண்ணோக்கிகள் செய்து வந்தார்.

அந்நாளில் நுண்ணோக்கி செய்வது ஏறக்குறையச் சமையல் போன்றது. வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பார்கள். நல்ல பிம்பம் தெரியும்போது நிறுத்திக்கொள்வார்கள். ஒன்று சிறப்பாக அமையும், அடுத்தது சுமாராகப் போகும். இதற்குக் கணக்கு உண்டா என்று கேட்டு 1866-இல் சைஸ் அபேயை நாடினார். அபே கணக்கிட்டுச் செய்வித்த முதல் வில்லைகள், பழைய முறையில் செய்தவற்றைவிட மோசமாக இருந்தன! ஏன் என்று ஆராயப் புகுந்தபோதுதான் விளிம்பு விளைவின் பங்கு அவருக்குப் புலனாயிற்று. 1873-இல் வெளிவந்த அவருடைய நுண்ணோக்கிக் கொள்கைக்கு வித்து இதுவே. 1872 முதலே சைஸ் நுண்ணோக்கிகள் அனைத்தும் கணக்கின்படி செய்யப்பட்டன.

கணக்கு வந்துவிட்டது; கை வேண்டுமே! தாளில் எழுதிய வளைவைக் கண்ணாடியில் கொண்டுவருபவர் தொழிலாளி அல்லவா? சைசின் பட்டறையில் ஆகஸ்ட் லோபர் என்ற தேர்ந்த தொழிலாளி இருந்தார். அங்கே வில்லையின் வளைவைச் சோதிக்க, அச்சான வளைவுள்ள ஒரு கண்ணாடியை அதன்மேல் வைத்து, இரண்டிற்கும் இடையே தோன்றும் நிற வளையங்களைப் பார்ப்பார்கள். நாம் ஆய்வகத்தில் சோடியம் விளக்கின்கீழ், தலையைக் குனிந்து எண்ணுகிறோமே, அதே நியூட்டன் வளையங்கள்தாம். நமக்கு அது ஒரு நாள் சோதனை. அவர்களுக்கோ அன்றாடப் பிழைப்பு. வளையம் சற்றே கோணினால் எந்த இடத்தில் எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பதை விரல்தான் அறியும். அதை எந்த நூலும் கற்றுத் தராது. ஆண்டுக்கணக்கில் பழகித்தான் வரவேண்டும். அப்படிப் பழகிய ஒருவர் வேலையை விட்டுப் போனால் முதலாளி இழப்பது ஓர் ஆளை மட்டுமன்று. அவரைப் பழக்கச் செலவிட்ட ஆண்டுகளும், பழகும் காலத்தில் உடைந்த கண்ணாடியும் அவரோடு போய்விடுகின்றன.

இதை முதலில் உணர்ந்தவர் சைஸ்தான். அபேயை இழந்துவிடக் கூடாது என்று எண்ணி, 1870-களின் நடுவில் அவரைத் தம் தொழிலில் பங்காளியாகவே ஆக்கிக்கொண்டார். பின்னர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெர்லினில் பேராசிரியர் பதவி தர முன்வந்தபோது அபே மறுத்துவிட்டார். இயற்பியல் படிக்கும் எவருக்கும் அது எத்தகைய அழைப்பு என்பது தெரியும். ஆயினும் தம் உழைப்பின் பலனில் பங்கு பெற்றவர் எளிதில் இடம் மாறுவதில்லை. இதன் பிறகு ஓட்டோ ஷாட்டும் வந்து சேர்ந்தார். 1884-இல் இயேனாவில் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. 1886-இல் பத்தாயிரமாவது நுண்ணோக்கி வெளிவந்தது.

1888-இல் சைஸ் மறைந்தார். நிறுவனம் அபேயின் கைக்கு வந்தது. அவர் விரும்பியிருந்தால் ஜெர்மனியின் பெருஞ்செல்வர்களில் ஒருவராக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1889-இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, அதற்குத் தம் பெயரை வைக்காமல் சைசின் பெயரை வைத்து, 1891-இல் தம் உடைமைப் பங்கையும் அதற்கே மாற்றிவிட்டார். தாம் சம்பளம் பெறும் நிர்வாகிகளில் ஒருவராகவே இருந்தார். பலர் சேர்ந்து உழைத்ததால் வந்த இலாபம் ஒருவருக்கு மட்டும் உரியதாகாது என்பது அவர் கொள்கை.

1896-இல் அவர் எழுதிய அறக்கட்டளை விதிகள் படிக்கத் தக்கவை. ஓய்வூதியம், சம்பளத்தோடு விடுப்பு, இலாபத்தில் பங்கு ஆகியவை அவற்றில் உண்டு. நிலைக் கூலியை ஒருமுறை உயர்த்திவிட்டால் தொழில் மந்தம் என்று சொல்லிக் குறைக்க இயலாது. மதம், இனம், கட்சி பார்த்து ஆள் எடுக்கலாகாது. மிக உயர்ந்த நிர்வாகியின் சம்பளமும் தொழிலாளர் சராசரி ஊதியத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் போகக் கூடாது. அபேக்கும் இதே கணக்குத்தான். இவை முதலாளி மனம் குளிர்ந்து தரும் சலுகைகள் அல்ல; தராவிட்டால் தொழிலாளி நீதிமன்றம் ஏறிக் கேட்கக்கூடிய உரிமைகள். எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த வேறுபாடுதான்.

ஓய்வூதியத்தைக் காட்டித் தொழிலாளியைக் கட்டிப்போடுவது பொன் விலங்கு ஆகாதா என்று நம் பொருளாதாரத் துறை நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அபேயின் விதி நிர்வாகத்தையும் கட்டுகிறது. தொழிலாளியின் குற்றமின்றி ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால் ஈட்டுத்தொகை கொடுத்தாக வேண்டும். ஆகவே வியாபாரம் சூடாக இருக்கும்போது ஆட்களை அள்ளிக் குவிப்பதும், தணிந்ததும் வெளியே தள்ளுவதும் நிர்வாகத்துக்கு நட்டமாகவே முடியும். விலங்கு இரு கைகளிலும் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

அபே அறிவியலறிஞர் அல்லவா? வேலை நேரத்தைக் குறைத்தபோதும் அளந்தே பார்த்தார். 1900-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒன்பது மணி நேர வேலை எட்டு மணி நேரமாயிற்று. செய்த வேலைக்கு ஏற்பக் கூலி பெறும் 233 பேரின் முந்தைய ஆண்டுக் கணக்கையும் அடுத்த ஆண்டுக் கணக்கையும் ஒப்பிட்டார். ஒன்பது மணி வேலை எட்டு மணியில் முடிய, மணிக்கு 12.5 விழுக்காடு கூடுதலாகச் செய்தால் போதும். அவர்கள் செய்ததோ 16.2 விழுக்காடு கூடுதல். அதாவது நேரம் குறைந்தும் நாளின் மொத்த வேலை சற்றுக் கூடியது. களைப்பும் ஓய்வும் சேர்ந்தே வேலையை நிர்ணயிக்கின்றன என்று 1901-இல் அவர் இதை விளக்கினார். தந்தையின் தூக்குவாளியைப் பற்றிச் சொன்னதும் இந்தச் சொற்பொழிவில்தான்.

உடல்நலம் குன்றி, 1905-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் அபே இயேனாவில் காலமானார்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப்போரின் முடிவில் அமெரிக்கப் படை இயேனாவைப் பிடித்தது. ஊரைச் சோவியத் படையிடம் ஒப்படைக்கு முன், 1945 ஜூனில், சைஸ், ஷாட் நிறுவனங்களின் வல்லுநர்கள் நூற்றுக்கு மேற்பட்டோரை அமெரிக்கர்கள் மேற்கே அழைத்துச் சென்றார்கள். அடுத்து வந்த சோவியத் நிர்வாகம் இயந்திரங்களில் பெரும்பகுதியைக் கழற்றி அனுப்பியதோடு, வல்லுநர்கள் பலரையும் தன் நாட்டுக்குக் கொண்டுசென்றது. மேற்கே போனவர்கள் ஓபர்கொகன் என்ற சிற்றூரில் புதிய சைஸ் தொழிற்சாலையை எழுப்பினார்கள். இயேனாவில் எஞ்சியவர்களோ, இயந்திரம் போன வெறுங்கூடத்தில் நின்றுகொண்டு, பழைய தொழிற்சாலையை மறுபடியும் ஓட வைத்தார்கள்.